காற்று வெளியே போகும் வழி

ஆஸ்பத்திரியிலும் வீடுகளிலுமாக எத்தனையோ ஆம்பிளைகள் அறைக்குள் நுழைவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் வந்ததும் தண்ணீர் கேட்பார்கள். சிலர் ரிமோட்டைத் தேடுவார்கள். சிலர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டு, "என்ன குழம்பு?" என்பார்கள். உள்ளே வந்ததும் கதவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்து, "காத்து எங்கன வெளிய போகுது?" என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

நாமெல்லாம் காற்று வருகிறதா என்றுதான் கேட்போம். அவருக்கு வருவது ஒரு விஷயமே இல்லை. "வெளிய போக வழி இருந்தாத்தான் சிஸ்டர் உள்ள வரும். வழி இல்லாத எடத்துக்குக் காத்து எட்டிக்கூடப் பாக்காது. அதுக்கு அம்புட்டு அறிவு இருக்கு" என்பார். சொல்லும்போது காற்று ஏதோ அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதன் போலப் பெருமையாக இருக்கும் முகம்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த வீட்டிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா பெரியவர், இவர் சின்னவர், அவ்வளவுதான். எம். புதுப்பட்டிப் பக்கம் அவர்களுக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி உண்டு. தாத்தா காலத்தில் அதே இடத்தில் பருத்தி போட்டவர்கள். வீடு சிவகாசியில். நான் விருதுநகர்க்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, முட்டி வலி வந்து நிற்க முடியாமல் போனபின், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டோடு போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவள். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து பேச்சும் நின்றுபோனபோது என்னை வைத்தார்கள். காலை பஸ்ஸில் போவேன், பொழுது சாயத் திரும்பிவிடுவேன்.

சின்னவரை முதலில் பார்த்தது அந்த நோயாளி அறையில்தான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலை எல்லாம் அடைத்து, போதாததற்குத் திரையையும் இழுத்துவிட்டிருந்தார்கள். டெட்டால், மூத்திரம், சாம்பிராணி, பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழம் எல்லாம் கலந்து ஒரு வாடை. மதுரை ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தவர் தோள் பையோடு நுழைந்தார். அப்பாவின் காலைத் தொட்டார். முகத்தைப் பார்த்தார். உதடு நடுங்கியது. அழட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவரோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எங்கிட்டயா தம்பி கேக்கீக?" என்றேன்.

"நூல் இருக்கா சிஸ்டர்?"

காயத்துக்கு வைக்கிற துணியைக் கொடுத்தேன். அதிலிருந்து நூலை உருவி, என் பிளாஸ்திரியையே கிழித்து, ஜன்னல் கம்பியில், கதவு நிலையில், கட்டில் தலைமாட்டில் என்று துண்டு துண்டாக ஒட்டினார். ஏசியை நிறுத்தினார். ஜன்னலைத் திறந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, எதிர்ச் சுவரில் கூரையோரமாக இருந்த சின்ன ஜன்னலையும் குத்தித் திறந்தார். பல்லி முட்டையும் தூசியுமாக அவர் தலையிலேயே கொட்டியது. பிறகு கட்டிலைப் பெரியவரோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகட்ட ஆரம்பித்தார். அப்பனைப் பார்க்க வந்த பிள்ளை கட்டிலை நகட்டுகிறதே, விமானத்தில் மூளை கீளை கலங்கிவிட்டதா ஆண்டவரே என்று நினைத்தேன்.

"இந்த நூலைப் பாருங்க சிஸ்டர். ஒரே பக்கமாப் படுத்துக் கெடந்தா காத்து போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம். தலைய ஆட்டிக்கிட்டே கெடந்தா, வழி தெரியாம அங்கனயே மாட்டிச் சுத்துதுன்னு அர்த்தம்."

தலைமாட்டு நூல் ஒரு பக்கமாகப் படுத்தபோதுதான் கட்டிலை விட்டார். யார் என்ன சொன்னாலும் சரி, அந்த வாடை போய்விட்டது. அப்புறம்தான் அவர் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

அழுதுகொண்டே அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். விழுந்துபோன கை அது, தானாக எழும்பாது. ஆனால் விரல்கள் மெல்ல மூடி அவர் கையைப் பிடித்துக்கொண்டன. "சிஸ்டர், அப்பா பிடிக்கிறாரு!" என்று கத்தினார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. சொல்லாமல் விட்டால் நான் என்ன நர்ஸ்?

"தம்பி, அது நரம்பு. மூளையில அந்த எடத்துல அடிபட்டா உள்ளங்கையில எதை வச்சாலும் விரல் தானா மூடிக்கிரும். பச்சப் பிள்ளைக்கு இருக்கும்லா, அது மாதிரி. அவரா நெனச்சுப் பிடிக்கல."

"சரி சிஸ்டர்" என்றார். கையை எடுக்கவில்லை.

இங்கிலாந்தில் பந்தயக் கார் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. காரை ஓட்டுவதில்லை, இன்ஜினைத் தொடுவதில்லை. கார்மேல் காற்று எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு பெரிய குழாய் மாதிரி கட்டடத்துக்குள் சின்னக் காரை நிறுத்திக் காற்றை ஊதி, எங்கே தேங்குகிறது, எங்கே பிய்த்துக்கொண்டு போகிறது என்று பார்ப்பார்களாம். இதற்கு ஒரு படிப்பு, அதற்கு மேல் ஒரு படிப்பு, சம்பளம், ஜெர்கின். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மடிக்கணினியில் ஒரு பழைய படம் காட்டினார். அழகான கார், அதன்மேல் பச்சையாக எதையோ ஊற்றி வழியவிட்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, யாரோ வாந்தி எடுத்து வச்ச மாதிரி இருக்கு."

அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். "அது பெயிண்ட் சிஸ்டர். பூசி ஓட்டுனா காத்து போன தடம் அப்பிடியே கோடு விழும். கோடு கோடா இருந்தா நல்லது. இந்தா, இங்கன திட்டாத் தேங்கி நிக்குது பாருங்க, அங்கன காத்து மாட்டிக்கிருச்சு. இதை எடுத்துவிடுறதுக்குத்தான் ராத்திரி பகலா மண்டைய ஒடச்சோம்."

சொந்தக்காரர்களுக்கு அவர் வேலை புரிந்ததே இல்லை. காற்று, வேகம் என்றால் அவர்களுக்கு ராக்கெட்தான். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தாய்மாமா ஒருவர் பெரியவரைப் பார்க்க வந்தபோது நடந்த பேச்சு இப்படி.

"மாப்ள, நம்ம கம்பெனி ராக்கெட்டு நேரா மேல போக மாட்டேங்குதுய்யா. போற வழியில அடுத்தவன் மாடிய விசாரிச்சுட்டுப் போகுது. நீ படிச்ச படிப்புக்கு அதைக் கொஞ்சம் ஏத்திவிடக் கூடாதா?"

"மாமா, என் வேலை மேல ஏத்துறது இல்ல. கீழ அமுக்குறது."

"என்னது?"

"கார் அந்த வேகத்துல போனா ஏரோப்ளேன் கணக்கா எந்திரிச்சிரும் மாமா. அதனால ஏரோப்ளேன் ரெக்கையக் கவுத்துப் போட்ட மாதிரி ஒண்ணு மாட்டுவோம். காத்து அதைப் பிடிச்சுத் தரையோட அமுக்கும். அமுக்குனாத்தான் வளைவுல வழுக்காது."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒருத்தனைக் கீழ அமுக்குறதுக்கா சீமை வரைக்கும் போன? அதுக்கு இங்கனயே ஆளு எம்புட்டு இருக்கு!"

வீடே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சின்னவர்தான். அப்போது அவர் ஊருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இன்னும் சிரிக்க முடிந்தது.

அவர் வந்து மாட்டிய கதை இதுதான். முந்தின தடவை லீவில் வந்திருந்தபோது, கம்பெனி லைசென்ஸைப் பெரியவர் மகன் பேருக்கு மாற்றினார். ஒரு காரணமும் இல்லை, பெருமைதான். மகன் இன்ஜினியர், சீமையில் வேலை, அவன் பேரில் இருந்தால் வருகிற அதிகாரி மதிப்பான் என்று ஒரு ஆசை. "சும்மா பேருக்குத்தான்ல, ஏம் முகத்தைச் சுளிக்க?" என்றிருக்கிறார். அப்பா மனசு நோகக்கூடாது என்று இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினார்.

அடுத்த கோடையில் திடீரென்று அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். வேலைக்காரப் பெண்கள் அவரவர் அறையில் இல்லை. கேட்டுக்கு நேரே நின்ற வேப்பமரத்தடியில் கும்பலாக உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் அது செய்யவே கூடாத காரியம். ஒரு அறைக்கு இத்தனை பேர் என்று விதி இருக்கிறது, அதுவும் தனித்தனியாக. ஒன்று பற்றினால் ஒருவரோடு போகட்டும் என்று வைத்த விதி. நல்லவேளை, அன்றைக்கு ஒன்றும் பற்றவில்லை. ஆனால் கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள், லைசென்ஸ்காரர்மேல் வழக்குப் போட்டார்கள். லைசென்ஸ்காரர் இங்கிலாந்தில் காற்றை ஊதிக்கொண்டிருந்தார். அந்த அதிர்ச்சியில் பெரியவர் விழுந்தார். இவர் ஓடி வந்தார். வெளிநாட்டில் இருப்பவர், தப்பிப் போய்விடுவார் என்று சொல்லி, பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஜாமீன் கொடுத்தார்கள்.

அவர் ஆபீசில் பெரிய மனுஷர் ஒருவர் நல்லவர் போலிருக்கிறது. வாரம் தவறாமல் போன் வரும். அடுத்த வருஷக் காருக்கான வேலை தீபாவளி சமயத்தில் மும்முரமாகுமாம், அதற்குள் வந்து சேர்ந்தால் அவர் இடம் அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார். போன் பேசி முடித்ததும் சின்னவர் அப்பா அறை ஜன்னலுக்கு வந்து நூலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.  நானும் பெரியவருக்குக் கஞ்சி ஊட்டுகிற வேலையைப் பார்ப்பேன்.

கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாகப் போய்வந்தார். ஒருநாள் திரும்பி வந்து, "சிஸ்டர், கோர்ட்டுல நூல் ஒட்டக்கூடாதுன்னு சட்டம் உண்டா?" என்று கேட்டார். வராந்தாவில் காத்திருந்தபோது புழுக்கம் தாங்காமல் ஜன்னலில் நூலை ஒட்டிப் பார்த்திருக்கிறார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, "ஏலே, என்னத்தக் கட்டுத? மந்திரிச்ச கயிறா? ஜட்ஜய்யாவுக்குச் செய்வினையா?" என்று பிடித்துக்கொண்டாராம். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார், "அங்கன வெளிய போற வழியே இல்ல சிஸ்டர். எல்லாப் பக்கமும் பைலை அடுக்கி அடச்சு வச்சிருக்காங்க."

அவருடைய அம்மாவுக்கு ஒரு வாக்கியம் உண்டு. சிவகாசியில் எல்லா வீட்டிலும் உள்ள வாக்கியம்தான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கணும் என்றால், பல்லைப் பிடுங்கணும் என்றால், மகன் திரும்பிப் போகணும் என்றால், பதில் ஒன்றுதான்: "சீசன் முடியட்டும்." தீபாவளி வரை யாருக்கும் கல்யாணம் காய்ச்சல் எதற்கும் நேரம் கிடையாது. தீபாவளி முடிந்தால் அடுத்த வருஷ ஆர்டருக்குப் பூஜை போடுவார்கள். சின்னவருக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே உடம்பு எரியும்.

"எங்க வேலையிலயும் சீசன் உண்டு சிஸ்டர். என்ன வித்தியாசம்னா, அது முடியும்."

ஆடி பிறந்தபோது கம்பெனிச் சீலை எடுத்தார்கள். காற்று மாறுதலுக்காகப் பெரியவரைக் காரில் உட்காரவைத்துக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னதால், ஒருநாள் நானும் அவரோடு கம்பெனிக்குப் போனேன். வழியெல்லாம் ஆடிக் காற்று. மேற்கேயிருந்து பனையை வளைக்கிற காற்று. என் சேலை முந்தானை கார் ஜன்னலுக்கு வெளியே பறந்தது. கம்பெனிக் கேட்டைத் தாண்டி வேலை அறைகள் பக்கம் போனதும் சட்டென்று ஒன்றுமில்லை. அடுப்படிக்குள் போன மாதிரி இருந்தது.

சின்னவர் காரை விட்டு இறங்கியதும் அதைக் கவனித்துவிட்டார். நூல்கண்டை எடுத்தார். வேலை அறைகளின் வாசல், தூண், மரம், மேற்குப் பக்கத்துப் பெரிய சுவர் என்று ஒன்றுவிடாமல் ஒட்டிக்கொண்டே போனார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். காளீஸ்வரி என்று ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம், "சின்னவரே, அம்புட்டு நூலையும் செவுத்துல கட்டிட்டா வெடிக்குத் திரி எங்கன போயி வாங்குவீக?" என்றாள்.

"காளியக்கா, ஏன் எல்லாரும் மரத்தடியில போயி உக்காந்தீங்க? அதைச் சொல்லுங்க."

அவள் சிரிப்பு நின்றது. "தெரிஞ்சேதான் உக்காந்தோம் சின்னவரே. ரூமுக்குள்ள இருக்க முடியல. புதுச் செவுரு வந்த பெறகு ஒரு பொட்டுக் காத்து கெடையாது. ரெண்டு பேரு மயங்கி விழுந்துட்டாளுக. கேட்டுக்கு நேரா அந்த மரத்தடியில மட்டுந்தான் காத்து. நாங்க என்ன, வேணும்னா உங்களை மாட்டிவிட்டோம்?"

நூல்கள் எல்லாம் அதையேதான் சொல்லின. கேட்டுக்கு நேரே வேப்பமரத்தில் ஒட்டியது ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம், அறை வாசல்களில் ஒட்டியதெல்லாம் போக இடமில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. சுவரில் மோதுகிற காற்று மேலே ஏறித் தலைக்கு மேலாகவே போய்விடுகிறது, இந்தப் பக்கம் இறங்குவதே இல்லை என்று அவர் எனக்குக் கையால் காட்டினார். அப்புறம் போர்மேனைப் பார்த்துக் கேட்டார்.

"இம்புட்டு ஒசரத்துக்கு இந்தச் செவுரை எதுக்குக் கட்டுனீங்க?"

போர்மேன் கார்ப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரு கட்டுனது. வாஸ்து பாக்குறவரு சொன்னாரு. மேக்க செவுரு ஒசந்தா வீட்டு ஆம்பளப் பிள்ளைக்கு ஏத்தமாம். நீங்க சீமையில நல்லா வரணும்னுதான் சின்னவரே, அவரு நின்னு நின்னு கட்டுனாரு. போதும்னாலும் கேக்கல. இன்னும் ரெண்டு வரி, இன்னும் ரெண்டு வரின்னு ஏத்திக்கிட்டே போனாரு."

சின்னவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காரில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவர் கண் மகன்மேலேயே இருந்தது. பெற்றவன் ஆசையில் செய்தது இப்படிப் பிள்ளை கழுத்தில் வந்து விழுமா?

மறுவாரம் பெரியவரையும் என்னையும் திரும்பக் கூட்டிப்போய், சுவரில் ஒன்றுவிட்டு ஒரு கல்லாக எடுக்கச் சொன்னார். முழுதாக இடிக்கவில்லை. "மொத்தமா மறிச்சாத்தான் காத்து முறுக்கிக்கிரும். வழிவிட்டு மறிச்சா சாதுவா உள்ள வரும்" என்றார். வெடிமருந்து கலக்குகிற அறைக்கு எதிரே மட்டும் ஒரு கல்லையும் தொடவிடவில்லை. அந்தப் பொடிக்குக் காற்று ஆகாது. கல் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் காரிலிருந்த பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துத் துடைத்து என் கைக்குட்டை நனைந்துவிட்டது. அது துக்கமா, பக்கவாதக்காரர்களுக்குத் தானாக வழிகிற நீரா என்று எனக்கே தெரியவில்லை.

காற்று வந்தது. பெண்கள் மரத்தடியை விட்டுவிட்டு அறைக்குள் போனார்கள். "ஏசி போட்ட மாதிரி இருக்கு சின்னவரே, நீங்க நல்லா இருக்கணும்" என்று காளீஸ்வரி வாழ்த்தினாள். அந்த வாழ்த்துதான் பலிக்கவில்லை. விஷயம் பரவி, சுற்றுவட்டாரத்து முதலாளிகள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எங்க செட்டை வந்து பாருங்க, எங்க குடோனை வந்து பாருங்க. நூல்கண்டும் கையுமாக அவர் போகாத கம்பெனி இல்லை. பாஸ்போர்ட் இல்லாதவருக்குப் பொழுது போகவேண்டாமா? அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "பாத்தீகளா சிஸ்டர், இவன் வேலை இங்கனயே இருக்கு. இதுக்கு எதுக்குச் சீமை?" என்றார். நான் சுள்ளென்று, "அங்கன இருக்கிற வேலைக்குத்தாம்மா அவரு படிச்சாரு" என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்குக் காப்பி வரவில்லை.

புரட்டாசியில் வழக்கு முடிந்தது. அபராதம் கட்டச் சொன்னார்கள், கட்டினார். பாஸ்போர்ட் கைக்கு வந்தது. லைசென்ஸை ஏற்க அவருடைய அக்கா வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மூன்று நான்கு நடை நடந்து அதுவும் மாறியது. டிக்கெட் போட்டார். அந்தச் சீமை ஆபீஸ் பெரிய மனுஷர் போனில், "வா வா" என்று சிரித்தது எனக்கே கேட்டது. ஒரு வழியாக எல்லாக் கதவும் திறந்துவிட்டதே, ஸ்தோத்திரம் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று மத்தியானம் வாசலில் கார் நின்றது. அம்மா திருநீறு பூசிவிட்டு, "தீபாவளி முடிஞ்சு போனா என்னய்யா?" என்று கடைசியாக ஒருதடவை கேட்டுப் பார்த்தார். அவர் சிரித்துச் சமாளித்துவிட்டு அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார். ஜன்னல் நூல் நன்றாகப் படுத்திருந்தது. அதைப் பார்த்தார். குனிந்து அப்பாவின் கையைத் தொட்டார். விரல்கள் மூடிக்கொண்டன.

மெதுவாக இழுத்துப் பார்த்தார். இழுக்க இழுக்கப் பிடி இறுகும், அந்த நோயின் குணம் அப்படி. வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். சின்னவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நகருங்க தம்பி" என்றேன். என் வேலை அது. சின்னத் துண்டு ஒன்றை உருளையாகச் சுருட்டினேன். பெரியவரின் விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, மகன் கையை எடுத்துவிட்டு, துண்டை வைத்தேன். விரல்கள் துண்டை மூடிக்கொண்டன. அதே பிடி, அதே இறுக்கம். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை.

"பாத்தீகளா? துண்டைக் குடுத்தாலும் இப்பிடித்தான். அவரு உங்களைப் போக வேண்டாம்னு சொல்லல தம்பி. கெளம்புங்க, பிளைட்டுக்கு நேரமாச்சு."

"தெரியும் சிஸ்டர். மொத நாளே சொன்னீங்க."

சொல்லிவிட்டு அந்த விரல்களை நான் பிரித்த மாதிரியே ஒவ்வொன்றாகப் பிரித்தார். துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். தன் கையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. சொந்த மகனாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். "என்ன தம்பி இது? பைத்தியமா உங்களுக்கு?" என்று சத்தமாகவே கேட்டேன். "ஒரு வாரம் சிஸ்டர். அடுத்த வாரம் டிக்கெட் மாத்திக்கிருதேன்" என்றார். அம்மா வாசலுக்குப் போய் டிரைவரை அனுப்பிவிட்டு வந்தார். அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. தொடாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் லோடு ஏற்றுவதில் போனது. அதற்கடுத்தது தீபாவளி. பிறகு ஒருநாள் போன் வந்தது. பேசிவிட்டு ஜன்னலுக்கு வந்து, "என் எடத்துக்கு ஆள் போட்டுட்டாங்க சிஸ்டர். நல்ல பையன்தான், எனக்குத் தெரியும்" என்றார். நான் பெரியவருக்கு முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் பவுடரைக் கொட்டினேன்.

அடுத்த கோடையில் என் மகளுக்குப் பிரசவம் வந்ததால் அந்த வேலையை விட்டேன். பெரியவர் அதற்குப் பிறகும் நாள்பட இருந்து, போன தை மாதம் காலமானார். காரியம் எல்லாம் முடிந்தபின் ஒருநாள் பார்க்கப் போனேன். அம்மா கட்டிக்கொண்டு அழுதார். சின்னவர் பெரியவருடைய அறையிலேயே மேஜை போட்டு ஆபீஸ் ஆக்கியிருந்தார். ஆள் கொஞ்சம் பருத்திருந்தார். மேஜையெல்லாம் விலைப்பட்டியல், பெட்டி மாதிரிகள். "வாங்க சிஸ்டர், முட்டி வலி எப்பிடி இருக்கு?" என்று அன்பாகத்தான் கேட்டார். அதெல்லாம் மாறவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "பெரியவரு போய்ச் சேந்துட்டாரு. லைசென்ஸும் உங்க பேருல இல்ல. இனி யாரு பிடிச்சிருக்கா? போகலாமே தம்பி. அங்கன இல்லாட்டி வேறொரு கார்க் கம்பெனி இருக்காதா?"

"போகணும் சிஸ்டர். சீசன் முடியட்டும்."

"தீபாவளி போயி பொங்கலும் போயிருச்சு. இப்ப என்ன சீசன்?"

"வடக்க கல்யாண ஆர்டர் நெறைய இருக்கு. அப்புறம் தேர்தல் வருது." சொல்லும்போதே போன் அடித்தது. எடுத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பினார். "சொல்லுங்க சேட், லோடு கெளம்பிருச்சு..."

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறைக்குள் பழைய பத்தி வாடையும் காகித வாடையும் அடைத்துக் கிடந்தது. ஜன்னல் கம்பியில் அந்த நூல் இன்னும் ஒட்டியிருந்தது. என் பிளாஸ்திரிதான். தூசி படிந்து அழுக்கு நிறத்தில் கம்பியோடு தொங்கியது. அவர் நாற்காலிக்குப் பின்னாலேயேதான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கொக்கியைத் தட்டி ஜன்னலைத் திறந்தேன். மேலே இருந்த சின்ன ஜன்னலை அடைத்திருந்தார்கள். இருந்தும் நூல் மெல்ல எழும்பி, ஒருபக்கமும் படுக்காமல் தலையை ஆட்டியது.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். நூலைப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், ஏசி ஓடுது. ஜன்னலைச் சாத்திருங்க."

சாத்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.